பெருங்களத்தூர்ப் புழுதி

வீட்டு வேலைக்கு வந்தவளைத் திட்டி விரட்டிய கதையை யாரும் பெருமையாகச் சொல்ல மாட்டார்கள். நானும் இத்தனை நாள் மறைத்துத்தான் வைத்திருந்தேன்.

எண்பத்தெட்டில் கீழ்க்கட்டளையில் குடியிருந்தேன். செப்புத் தகட்டில் படம் கீறி, மை தடவி, காகிதத்தில் அழுத்தி எடுப்பது என் தொழில். கீறலுக்குள் தங்கும் மைதான் படமாக விழும். தீபாவளிக்கு ஊருக்குப் போகப் பெருங்களத்தூரில் பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டத்தை இரண்டு மாதம் உட்கார்ந்து கீறியிருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, வேலைக்கு வந்த தனம் பூஜை விளக்குகளோடு சேர்த்து அந்தத் தகட்டையும் புளியும் செங்கல் தூளும் போட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்துவிட்டாள்.

"அறிவிருக்கா உனக்கு? இனிமே இந்தப் பக்கம் வராதே!" தெருவே கேட்கக் கத்தினேன்.

"களிம்பு புட்ச்சிகினு கீதேன்னு தேச்சிட்டேன் சார். தெரியாம பண்ணிட்டேன்." அழுதுகொண்டே போனாள்.

எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்க்க, மை தடவி ஒரு காகிதத்தில் அழுத்தி எடுத்தேன். அவள் கை சுற்றிச் சுற்றித் தேய்த்த மெல்லிய கீறல்களெல்லாம் பஸ் கிளப்பிய புழுதியாகக் கூட்டத்தின்மேல் படர்ந்திருந்தன. அதுவரை பொம்மை மாதிரி நின்ற சனங்களுக்கு உயிர் வந்துவிட்டது. அப்படி ஓர் அழகு! அப்போதே ஓடிப்போய் அவளைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. வீம்பு.

அடுத்த மாதம் நடந்த ஓவியக் கண்காட்சியில் எல்லோரும் அந்தப் படத்தின் முன்னால்தான் நின்றார்கள்.

"இந்தப் புழுதி எப்படி சார் வந்தது?" என்று ஒருவர் கேட்டார்.

"அது என்னோட டெக்னிக்" என்றேன், கொஞ்சமும் கூசாமல். அதே மாதிரிப் புழுதியோடு வேறு நான்கு படம் வேண்டும் என்றார்.

நானே புளி போட்டுத் தேய்த்துப் பார்த்தேன். வெறும் அழுக்குத்தான் விழுந்தது. கடைசியில், புதிதாகக் கீறிய தகட்டை எடுத்துக்கொண்டு தனம் வீட்டைத் தேடிப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. காரியம் ஆக வேண்டுமென்று போனேன்.

"இதைக் கொஞ்சம் தேய்ச்சுக் குடு தனம்."

என் முகத்தைப் பார்த்தாள். உள்ளே போய்ப் பழைய வேட்டித் துணியை நனைத்து வந்து, குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல் பயந்து பயந்து ஒற்றி எடுத்தாள். அன்றைக்கு மாதிரி அழுத்தித் தேய் என்று சொல்லலாம். சொன்னால், ஏன் என்று கேட்பாள்.

"பாரு சார், புதுசா ஒரு கீறல் இல்ல." இரண்டு கையாலும் தகட்டை நீட்டினாள். "நாளைலேர்ந்து வேலைக்கு வரட்டா சார்?"