எல்லோரும் கண்ணாத்தாள்

கோழிப்பண்ணைக்காரர்களுக்கு மெயில் கிடையாது என்பது நாமக்கல்லில் பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அப்படியே யாருக்காவது இருந்தாலும், பெங்களூரில் வேலை பார்க்கும் பையன் எப்போதோ ஆரம்பித்துக் கொடுத்ததாக இருக்கும். பாஸ்வேர்டு அந்தப் பையனுக்கே மறந்திருக்கும். ஆனால் எங்கள் தீவன மில்லில் இருந்த பழைய மெயில் சிஸ்டம் இதையெல்லாம் ஒப்புக்கொள்ளாது. புதிதாக ஒருவரின் பெயரையும் போன் நம்பரையும் ஏற்ற வேண்டுமானால் மெயில் கட்டத்தையும் நிரப்பியாக வேண்டும். இல்லாவிட்டால் சிவப்புக் கோடு போட்டு முறைத்துக்கொண்டு நிற்கும்.

அதற்கு, எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர்கள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். அந்தக் கட்டத்தில் மில்லின் மெயிலையே அடித்துவிடுவது. நானும் அப்படியே செய்தேன். எங்களிடம் தீவனம் எடுக்கும் நூற்றுக்கணக்கான பண்ணைக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே மெயில். யாருக்கும் ஒரு தொந்தரவும் வரவில்லை. இங்கே எல்லாம் போனில்தானே நடக்கிறது!

முதலாளி மகன் ஈஸ்வர் புது சிஸ்டம் வாங்கியபோதே நான் இதைச் சொன்னேன். சொன்னேன் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஏனென்றால் பிறகு, யாருமே சொல்லவில்லை என்று ஒரு பேச்சு வந்தது.

"சார், நம்ம காண்டாக்ட்ல எல்லாத்துக்கும் ஒரே மெயில்தானுங்க இருக்குது. மாத்தறதுக்கு முன்னால ஒருக்கா பாத்துக்கங்க."

"அதெல்லாம் அதுவே பாத்துக்கும் ரிஹானாக்கா. ரொம்ப ஸ்மார்ட்டான சிஸ்டமுங்க."

ஈஸ்வர் கெட்ட மனிதரில்லை. என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஒரு பட்டனைக் கண்டால் மட்டும் அமுக்காமல் இருக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை தானே உட்கார்ந்து எல்லாக் காண்டாக்ட்டுகளையும் புது சிஸ்டத்துக்கு மாற்றியிருக்கிறார். 'டூப்ளிகேட்டுகளை ஒன்றாக்கிவிடவா?' என்று அது கேட்டிருக்கிறது. இவரும் ஆமாம் என்று அமுக்கிவிட்டு, பழைய சிஸ்டத்தையும் அழித்துவிட்டார்.

ஒரே மெயில் என்றால் ஒரே ஆள் என்பது அந்த ஸ்மார்ட் சிஸ்டத்தின் புத்தி. அத்தனை பண்ணைக்காரர்களையும் மாவு மாதிரி பிசைந்து ஒரே ஆளாக உருட்டி வைத்துவிட்டது. பெயர்களெல்லாம் போய்விட்டன. போன் நம்பர்கள் மட்டும் அந்த ஒரு ஆளுக்குக் கீழே வரிசையாக நின்றன. அந்த ஆளுக்கு எந்தப் பெயரை வைப்பது? கடைசியாக யாருடைய விவரம் திருத்தப்பட்டதோ அவருடைய பெயரை வைத்துக்கொண்டது.

கடைசியாகத் திருத்தியவள் நான்தான். சேந்தமங்கலம் பக்கத்தில் பண்ணை வைத்திருக்கும் கண்ணாத்தாள் சனிக்கிழமை மாலை கூப்பிட்டிருந்தார். தண்ணீர்த் தொட்டிக்குள் போன் விழுந்துவிட்டது, புது சிம் வாங்கியிருக்கிறேன் என்றார். "பழைய நம்பரு இனி வேலைக்காவாது சாமி. புதுச போட்டுக்க." போட்டுக்கொண்டேன். கணவர் இறந்த பிறகு, இருந்த தோட்டத்தை விற்று ஒரு ஷெட் போட்டவர் அவர். ஒற்றை ஷெட், ஒற்றை ஆள். அந்தக் கோழிகளைத் தவிர அவருக்கு வேறு பிழைப்பு இல்லை.

திங்கட்கிழமை காலை ராசிபுரம் பஸ்ஸை விட்டு இறங்கி ஆபீசுக்குள் நுழைந்தேன். ஆபீஸ் போன்கள் மூன்றிலும் புது சிஸ்டத்தின் காண்டாக்ட்டுகள் ஏறியிருந்தன. முதல் போன் அடித்தது. திரையில் கண்ணாத்தாள் என்று வந்தது.

"சொல்லுங்க கண்ணாத்தாம்மா."

"ஏனுங்க, நான் எப்பங்க கண்ணாத்தா ஆனேன்?" என்றது ஒரு முரட்டு ஆண்குரல்.

அடுத்த போனும் கண்ணாத்தாள்தான். அதற்கடுத்ததும். வாழப்பாடிக்காரர் கண்ணாத்தாள், பரமத்திக்காரர் கண்ணாத்தாள். ஆபீசில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இனி ஒவ்வொரு நம்பராகக் கூப்பிட்டுப் பெயர் கேட்டு ஏற்றப்போவது யார்? நான்தானே! ஈஸ்வர் சிஸ்டம் விற்ற கம்பெனிக்குப் புகார் எழுதினார். உங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது.

சிரிப்பெல்லாம் பன்னிரண்டு மணிக்கு மில்லுக்குள்ளிருந்து ஆள் ஓடிவரும் வரைக்கும்தான். விடியற்காலை ஷிப்ட் மாறும்போது, ஒரு கலவையில் உப்பை இரண்டு பேர் இரண்டு தடவை கொட்டிவிட்டார்கள். அந்தத் தீவனம் அப்போதே லாரியில் ஏறிப் பண்ணைகளுக்குப் போய்விட்டது. உப்பு மிஞ்சினால் கோழி தாங்காது. தண்ணீராகக் குடிக்கும், கழியும், சாயும். பண்ணைகளில் மதியத் தீவனம் மூன்று மணிக்குப் போடுவார்கள். அதற்குள் சொல்லியாக வேண்டும்.

"கவலப்படாதீங்க, இதுக்குத்தான் புது சிஸ்டம்," என்று ஈஸ்வர் எல்லோருக்கும் ஒரே அடியாக மெயில் அனுப்பினார். ஒருவருக்கு அனுப்பப்பட்டது என்று திரை சொன்னது. அடுத்த நொடி என் கம்ப்யூட்டரில் டிங் என்று ஒரு சத்தம். அன்புள்ள கண்ணாத்தாள் என்று தொடங்கிய அந்த மெயில் எங்களுக்கே வந்து சேர்ந்திருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கம்ப்யூட்டரைத் தூக்கி வெளியே வீசியிருப்பேன்.

எந்தெந்தப் பண்ணைக்கு லோடு போனது என்று தெரியும். எந்த நம்பர் யாருடையது என்றுதான் தெரியாது. லாரி டிரைவர் மாதேஷைப் பிடித்தோம். அவர் போனில் பாதிப் பேரின் நம்பர்கள் இருந்தன. கண்ணாத்தாள் நம்பரும் இருந்தது, ஆனால் அது தொட்டியில் விழுந்த பழைய நம்பர். "அந்தம்மாவுக்குத்தானுங்க மொதல்ல எறக்குனேன். தீவனம் தீந்துபோச்சுன்னு வாசல்லயே காத்துட்டு நின்னாங்க," என்றார் மாதேஷ். தீவனம் தீர்ந்தவர் மூன்று மணி வரை காத்திருப்பாரா? தூரத்துப் பண்ணை ஒன்றுக்குப் போயிருந்த எங்கள் மில்லின் கோழி டாக்டர், அங்கிருந்தே பைக்கை எடுத்துக்கொண்டு சேந்தமங்கலம் கிளம்பினார். நடுவில் ரயில்வே கேட் வேறு.

மீதிப் பேருக்காக, கண்ணாத்தாள் என்ற பெயருக்குக் கீழே இருந்த நம்பர்களை ஆளுக்கு ஒரு பக்கமாக அடிக்க ஆரம்பித்தோம். புது நம்பர் எனக்கு நினைவில் இல்லை. ஒருமுறை அடித்து ஏற்றிய நம்பர் யாருக்கு நினைவிருக்கும்? "நீங்க யாருங்க?" என்று நாங்களே கூப்பிட்டு நாங்களே கேட்க வேண்டியிருந்தது. ஒருவர் திட்டினார். ஒருவர், பாங்கிலிருந்து ஏமாற்ற வந்திருக்கிறாயா என்று கேட்டார். பாதிப் பேர் எடுக்கவேயில்லை. எடுக்காதவர்கள் திருப்பிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். மூன்று போன்களிலும் மாறி மாறிக் கண்ணாத்தாள், கண்ணாத்தாள், கண்ணாத்தாள். எடுத்தால் முட்டை விலை என்ன என்று கேட்டார்கள்.

"வர்ற போன யாரும் எடுக்காதீங்க. மிஸ்டு கால் பாத்துட்டுக் கூப்புடறவங்க. எடுத்தா நம்ம வேல முடியாது," என்று சொல்லிவிட்டு, ஈஸ்வர் எங்கள் முக்கிய நம்பர் போனைச் சத்தமில்லாமல் ஆக்கி டிராயருக்குள் வைத்தார்.

"சார், பண்ணைக்காரங்க எல்லாருக்கும் தெரிஞ்ச நம்பரு அதுதானுங்க. கண்ணாத்தாம்மாவே கூப்புட்டா?"

"கூப்புட்டா நமக்கு எப்படிக்கா தெரியும்?"

அவர் சொன்னது உண்மைதான். அந்த உண்மையின் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. அடுத்த நம்பரை அடித்தேன்.

தொண்டை கட்டும் வரை பேசினோம். இரண்டரை மணிக்குள் லோடு போன பண்ணைகள் எல்லாவற்றுக்கும் சொல்லியாயிற்று, ஒன்றைத் தவிர. ஈஸ்வர் நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டார். நான் டிராயரைத் திறந்தேன். உள்ளே போன் வெளிச்சமாகக் கிடந்தது. திரை நிறையக் கண்ணாத்தாள். மறுபடியும் அடித்துக்கொண்டிருந்தது.

"யாருங்க பேசறது? மொதல்ல பேரச் சொல்லுங்க," என்று எரிந்து விழுந்தேன்.

"கண்ணாத்தாதான் சாமி."

எழுந்து நின்றுவிட்டேன்.

"ஒரு மணியிலிருந்து கூப்புட்டுட்டே இருக்கறேன், ஒருத்தருமே எடுக்க மாட்டீங்கறீங்க. லோடு எறக்குனதும் மூட்டையப் பிரிச்சுப் போட்டுட்டேன் சாமி. எல்லாம் தண்ணியவே குடிச்சுட்டுக் கெடக்குது. இப்ப பொத்து பொத்துன்னு சாயுது. என்னான்னே தெரியலியே!"

"தீவனத்த வழிச்சு எடுத்துருங்கம்மா, சீக்கிரம்! உப்பு ஜாஸ்தியாயிருச்சுங்க. டாக்டரு வந்துட்டே இருக்காருங்க."

அவர் போனை வைக்கவில்லை. தகரக் கூரைக்குக் கீழே கோழிகளின் ஈனமான சத்தம் மட்டும் கேட்டது. வழக்கமாக அவர் பேசும்போது அந்த இரைச்சலில் பாதிப் பேச்சு காதில் விழாது. அன்று ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

"ஏஞ் சாமி," என்றார். திட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "அத்தன தடவ கூப்புட்டேனே. என்ற பேரு உங்க போனுல வல்லியா?"

ஈஸ்வர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்துச்சுங்கம்மா," என்றேன். "காத்தால இருந்து உங்க பேரு மட்டுந்தானுங்க வந்துச்சு."