ஒன்றாம் வகுப்புக்குப் பெரிய பாவாடை

1987 ஜூலையில் இலவசச் சீருடைப் பட்டியல்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்த சுந்தரவல்லி, ஒரு தாளைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தாம்பரம் பக்கத்து உதவிக் கல்வி அலுவலகத்தில் அவள் எழுத்தர். கீழ்க்கட்டளைக்கு அப்பால் இருந்த ஒரு தொடக்கப்பள்ளி, ஒன்றாம் வகுப்புப் பெண்கள் ஒன்பது பேருக்கு எட்டாம் வகுப்பு அளவில் பாவாடை சட்டை கேட்டிருந்தது.

"தப்பா எழுதியிருப்பாங்க. ஒண்ணாங்கிளாஸ் அளவுன்னு திருத்திடும்மா," என்றார் கண்காணிப்பாளர் யக்ஞநாராயணன்.

தவறென்றால் ஒன்றில் வரும், ஒன்பதிலுமா? அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் அரை நாள் விடுப்புப் போட்டு, பல்லாவரத்தில் பஸ் மாறிப் போய் இறங்கினாள்.

சத்துணவுக்கு வரிசை நின்றிருந்தது. பொடிப்பொடிப் பிள்ளைகளுக்கு நடுவே பதின்மூன்று, பதினான்கு வயதுப் பெண்கள் ஒன்பது பேர் தட்டோடு நின்றார்கள். உள்ளங்கையெல்லாம் காய்ப்பு.

"குவாரியில ஜல்லி உடைச்ச பொண்ணுங்க மேடம்," என்றார் தலைமையாசிரியர் ஏசுபாதம். "போன வருசம் நடுவுல வீடு வீடாப் போய்க் கூட்டிட்டு வந்தேன். எழுத்தே தெரியாது. ஒண்ணாங்கிளாஸ்லதான் சேர்க்க முடிஞ்சது. இந்த வருசமும் அதே கிளாஸ்தான்."

"போன வருசம் குட்டித் துணி குடுத்தாங்கக்கா," என்றாள் சரசு என்ற பெண். "இடுப்புலயே ஏறல. நாங்க பழச கட்டிகினு வர்றோம், எல்லாம் சிரிக்குதுங்க."

பஸ் நிறுத்தத்துத் தையல்காரரிடம் டேப்பை இரவல் வாங்கிவந்து, ஒவ்வொருத்திக்கும் அளவெடுத்து எழுதிக்கொண்டாள் சுந்தரவல்லி.

அலுவலகத்தில் அந்த அளவுகளை யக்ஞநாராயணன் ஒத்துக்கொள்ளவில்லை. "வகுப்புவாரியாதான் தரணும்னு ஆர்டர் இருக்கே!"

அந்த ஆணையை அவள் இதுவரை படித்ததில்லை. அவரும் படித்ததில்லை போலிருந்தது. பீரோவில் தேடி எடுத்து வரி வரியாகப் படித்தாள். எத்தனை பேர் என்பதைத்தான் வகுப்புவாரியாகக் கேட்டிருந்தார்கள். அளவைப் பற்றி ஒரு சொல் இல்லை. வகுப்புக்கு ஓர் அளவு என்பது இந்த அலுவலகத்தில் யாரோ சௌகரியத்துக்குப் போட்ட கட்டம்.

யக்ஞநாராயணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு இரண்டு முறை படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். தீபாவளிக்கு முன்பே ஒன்பது பேருக்கும் சரியான அளவில் துணி போய்ச் சேர்ந்தது.

ஆனாலும் அவளுக்கு ஒரு கேள்வி அடங்கவில்லை. பழைய பட்டியல் கட்டுகளை அவிழ்த்தாள். ராஜகீழ்ப்பாக்கம் பக்கத்துப் பள்ளி ஒன்றின் தாளில், இரண்டாம் வகுப்பில் மூன்று பேருக்குக் கேட்ட பெரிய அளவை யாரோ அடித்துச் சின்னதாக்கியிருந்தார்கள். பக்கத்திலிருந்த சுருக்கொப்பம் அவளுடையது.

அன்றே அந்தப் பள்ளிக்கு எழுதிக் கேட்டாள். மூவரில் ஒருத்தி மட்டும் இன்னும் படிக்கிறாள் என்று பதில் வந்தது.