அண்ணி கடை

அவளுக்கு அந்தப் பேரை வைத்தவன் கொழுந்தன். அவள் கல்யாணமாகி வந்த புதிதில், நூல் கடையின் உள்ளறையிலிருந்து, "அண்ணி, கருநீல நூல் எந்த டப்பால?" என்று தெருவுக்கே கேட்கக் கத்துவான். டப்பா எங்கே இருக்கிறதென்று அவனுக்கு நன்றாகத் தெரியும். கூப்பிடுகிற குஷிதான். கடைக்கு வந்தவர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆறே மாதத்தில் நாற்பது வயதுத் தையல்காரர்கூட அவளை அண்ணி என்றார். இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு எப்படி இருக்கும்! ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். கொழுந்தன் கத்தினாலும் பதிலே சொல்லவில்லை. அவனா அசருகிற ஆள்?

முப்பது வருஷம் ஓடிவிட்டது. கொழுந்தன் கண்ணை மூடியும் ஆறு வருஷமாகிறது. மாமனார் பேர் எழுதிய பலகை இன்னமும் வாசலுக்கு மேலே தொங்கியது. அதை அண்ணாந்து பார்த்தவர் யாருமில்லை.

இப்போது தெருக்கோடியில் நாலு மாடிக் கடை வரப்போகிறதாம். ஊசி முதல் சோபா வரை அங்கேயே கிடைக்குமாம். வரட்டும், அது அவர்கள் பாடு. ஆனால் அவர்களுடைய லாரிகள் வந்துபோக இந்தத் தெருவையே பகலெல்லாம் அடைக்க வேண்டுமாம்! வாடிக்கையாளர் கொண்டுவரும் துணியை வாசல் வெளிச்சத்தில் பிடித்து, நூலை அதன்மேல் வைத்துப் பார்த்து, நிறம் பொருத்திக் கொடுப்பதுதான் அவள் தொழில். ஆள் நடக்காத தெருவில் வெளிச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஒரு வழி இருந்தது. தெருவில் பதிவான ஒரு கடைக்காக முந்நூறு வாடிக்கையாளர்கள் கையெழுத்திட்டால் தெருவை அடைக்க முடியாது. தையல்காரர் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைந்தார். நானூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. தலைப்பில் அவரே கொட்டை எழுத்தில் எழுதினார், 'அண்ணி கடை' என்று. அது தப்பு என்று யாருக்கும் உறைக்கவில்லை, அவளுக்கும்தான்.

விசாரணை நாளில் நகராட்சி எழுத்தர் பதிவேட்டை மேலிருந்து கீழாக விரலால் தடவிப் பார்த்தார்.

"இந்தப் பேர்ல கடையே இல்லீங்க மேடம்" என்றார் அவளிடம்.

"இல்லாத கடைக்கு நானூறு பேரா?" என்றார் ஊருக்குப் புதிதாக வந்திருந்த அதிகாரி. நாலு மாடிக் கடையின் வக்கீல் ஃபைலை மூடி வைத்துவிட்டு வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

 அவள் பக்கத்தில் கணவர் பேயறைந்ததுபோல் உட்கார்ந்திருந்தார். இவரை நம்பினால் ஆகாது என்று அவளே எழுந்து மைக் பக்கம் போனாள்.

"அது என் கடைதாங்க. பலகைல மாமனார் பேரு இருக்கு, ஆனா யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க. என் கொழுந்தன் அண்ணின்னு கூப்பிட்டான், எல்லாரும் அப்படியே கூப்பிட்டாங்க. அவன் இப்ப…" குரல் உள்ளே போய்விட்டது.

"அண்ணின்னு யாரை வேணா சொல்லலாம். அதெல்லாம் சட்டத்துல நிக்காது" என்றார் வக்கீல்.

நடப்பதையெல்லாம் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்த எழுத்தர் சொன்னார்: "மைக்கைக் கிட்ட வச்சுக்கிட்டுப் பேசுங்க அண்ணி, ஒண்ணும் கேக்கல."

 கூடமே சிரித்தது. எழுத்தருக்குக் காது சிவந்துவிட்டது.

"இவங்க உங்க அண்ணன் சம்சாரமா?" என்றார் அதிகாரி.

"எனக்கு அண்ணனே கிடையாதுங்க. நான் சட்டைக்குப் பட்டன் வாங்குற கடை."

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டார். "எழுதுங்க. பழைய பேருக்குப் பக்கத்துலயே, அண்ணி கடைன்னு. கையெழுத்து செல்லும். தெருவை அடைக்கக் கூடாது."

திரும்பி வரும்போதுதான் கணவருக்கு வாய் வந்தது. "இனிமே நானும் அண்ணின்னுதான் கூப்பிடணுமா?"

"கூப்பிட்டுப் பாருங்க, சோறு கிடைக்காது."

கடையைத் திறந்தாள். வாசலில் வெயில் விழுந்திருந்தது, தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது. கணவர் டீ வாங்கப் போனதும் உள்ளறைப் பக்கம் திரும்பி நின்றாள். அந்த ஒரு வாரம் வீம்புக்காக வாயை மூடிக்கொண்டிருந்தது இன்றுவரை அவளை உறுத்தியது.

"மூணாவது டப்பால இருக்கு, தம்பி" என்றாள்.