எச்சித் தண்ணி

பச்சை வலைக்குக் கீழே மதியத்தில் நின்றால் குளத்துக்கு அடியில் நிற்பதுபோல இருக்கும். வெயில் உள்ளே வரும்போதே பாசி நிறமாகிவிடும். குரோட்டன்சுக்கும் இட்லிப்பூச் செடிக்கும் குணபூஷணி தண்ணீர் ஊற்றி முடித்ததும், தொட்டிகளின் அடி ஓட்டைகளிலிருந்து சொட்டுச் சத்தம் தொடங்கும். கீழே விரித்த தார்ப்பாயில் விழுந்து, சரிவில் ஓடி, கரியும் சரளையும் போட்ட வாய்க்காலைத் தாண்டி, ஒரு குழாய் வழியாக மூலையிலிருக்கும் குழியில் சேரும். மறுநாள் அதே தண்ணீர் அதே செடிகளுக்கு. அந்தச் சத்தத்தில் எனக்குக் கண் சொக்கும். ஆனால் அந்தத் தண்ணீர் மேல் மரியாதை கிடையாது. எச்சித் தண்ணி என்றுதான் சொல்வேன். ஒரு செடி குடித்து மிச்சம் வைத்ததை இன்னொன்றுக்கு ஊற்றினால் வேறென்ன பேர்?

"எச்சில் எண்டு சொல்லாதேங்கோ அக்கா. வடிஞ்ச தண்ணி" என்பாள் குணபூஷணி. மண்டபம் அகதி முகாமிலிருந்து பஸ் ஏறி வந்து ஆறு வருடமாக என் நர்சரியில் வேலை பார்க்கிறாள். எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பேறி, லாரித் தண்ணீரை நம்பிப் பிழைக்கிற நிலைமை வந்தபோது இந்தக் குழியை வெட்டச் சொன்னது அவள்தான்.

சரி, விற்கிற செடிக்கு எதையோ ஊற்றட்டும். அந்த நாற்பது நந்தியாவட்டைக்கு மட்டும் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி, தார்ப்பாயை விட்டுத் தள்ளி, செங்கல் மேல் தனியாக வைத்திருந்தேன். தை மாதம் என் வீட்டுக்காரர் பூமிநாதன் வாதம் வந்து விழுந்தபோது, உத்தரகோசமங்கை இருக்கும் திசையைப் பார்த்து வேண்டிக்கொண்டது அது. அவர் எழுந்துவிட்டால், ஆவணி முதல் திங்கட்கிழமை பூத்த செடியாக நாற்பது தொட்டி கோயில் நந்தவனத்துக்கு. எழுந்து உட்கார்ந்துவிட்டார். இடது கைதான் இன்னும் வரவில்லை. தொட்டிகளைப் பார்த்த பிறகு சாமி அதையும் தருவார் என்று ஒரு நினைப்பு எனக்கு. செடி போனால் மனுசனும் போய்விடுவார் என்று இன்னொரு நினைப்பு. அதை யாரிடமும் சொன்னதில்லை.

ஆடிக் கடைசியில் லாரி வருவது நின்றது. வண்டி ரிப்பேர் என்றார்கள். குழியில் பழைய லாரித் தண்ணீரும், நடுவில் பெய்த ஒரு மழையும் சேர்ந்து நிறையக் கிடந்தது. நான் போர் மோட்டாரைப் போட்டேன். உப்பாக இருந்தால் என்ன, யாரும் வாய் வைக்காத தண்ணீர். குணபூஷணி ஹோஸை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். ஹோஸ் எட்டாத கடைசி வரிசைக்கு மட்டும் அவள் வாளியில் ஊற்றுவாள்.

நாலாம் நாள் இலை ஓரம் கருகியது. பத்தாம் நாள் மொட்டுகள் விரியாமலே உதிர்ந்தன. தொட்டி மண்ணின் மேல் வாலிநோக்கத்து உப்பளம்போல வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. திங்கட்கிழமைக்கு இன்னும் ஐந்தே நாள்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், கடைசி வரிசையில் எட்டுத் தொட்டிகள் மட்டும் பூத்து நின்றன. கனவோ என்று தொட்டுப் பார்த்தேன். மண்ணை எடுத்து முகர்ந்தேன். கரி வாடை அடித்தது. குணபூஷணி பஸ் இறங்கி வரும்வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

"சாமி செடிக்கு எச்சியவா ஊத்துன?"

"ஓம் அக்கா. முதல் நாளில இருந்து இந்த எட்டுக்கும். எல்லாத்துக்கும் ஊத்தப் பயமா இருந்தது."

"எம் புருசன் உசுரு இந்தச் செடியிலதான் இருக்கு. தெரியுமா உனக்கு?"

சொல்லிவிட்டேன். அவள் சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தாள்.

"ஐயாவுக்கு விடிய கஞ்சி பருக்கிறனீங்கள். டம்ளர்ல மிஞ்சிறதை என்ன செய்யிறனீங்கள்?"

நர்சரியை ஒட்டித்தான் வீடு. அவள் பார்க்காததில்லை. ஏழு மாதமாக அதுதான் என் காலைச் சாப்பாடு. அவர் வாயோரம் வழிந்தது போக மிச்சமிருப்பதை நின்ற வாக்கிலேயே குடித்துவிட்டு வேலைக்கு வந்துவிடுவேன். அதற்கு ஒரு பேர் இருப்பதாக ஒருநாளும் தோன்றியதில்லை. அழுதேன். அவள் வாளியை எடுத்தாள்.

நாற்பது தொட்டிகளையும் தார்ப்பாய்க்கு நகர்த்தினோம். "முதல் வடியிறது முழுக்க உப்பு. அதை வெளியில விடுவம்" என்று வாய்க்காலைச் சாக்கால் அடைத்து, பனைமரங்கள் பக்கம் திருப்பிவிட்டாள். குழித் தண்ணீரை மொண்டு இருவரும் மாறி மாறி ஊற்றினோம். மூன்றாம் முறை வடிந்ததை நாக்கில் வைத்துப் பார்த்துத் தலையாட்டினாள். சாக்கை எடுத்தாள்.

"பூக்குமா குணம்?"

"தெரியாது அக்கா. செடி பிழைக்கும்."

வெயில் ஏறி, வலைக்குள் பச்சை வெளிச்சம் நிறைந்தது. வீட்டு வாசலில் நாற்காலி போட்டு அவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது தொட்டிகளும் ஒன்றாகச் சொட்டத் தொடங்கின. குழியோரம் குத்தவைத்து உட்கார்ந்தேன். கோயில் கோமுகியில் தீர்த்தம் ஏந்துவதுபோல, குழாய் முனையில் விழுந்த தண்ணீரை என் கைகள் தாமாக ஏந்தின. கொஞ்சத்தைத் தலையில் தெளித்துக்கொண்டேன். மறுபடியும் இரண்டு கை நிறைய ஏந்தி, விரலிடுக்கில் ஒழுக ஒழுக, அவருடைய இடது கையை நோக்கி நடந்தேன்.