கூண்டுக்குள் ஒரு நீலப் புள்ளி

1

ஒரு கொலைத் தொடருக்குப் பின்னணி தேடித்தான் ஜெனிட்டாவிடம் போனேன். செங்கல்பட்டில் எனக்கு எதிர்வீடு; வேலை திருவிடந்தை தாண்டி ஓர் ஆய்வுக்கூடத்தில். பாதி சொல்லும்போதே அவளுடைய வேன் வந்துவிட்டது. அந்தப் பாதியே போதும், கொலையைக் கைவிட்டேன். மிச்சம் இந்த வரி:

கதவு திறந்தது. கையில் துப்பாக்கியுடன்...

(ஜெனிட்டாவுக்குத் திருடனும் வேண்டாமாம். "ஒத்த அணுவத் திருடிகினு போய் இன்னா சார் பண்ணுவான்? ரசத்துல போடுவானா?")

2

காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்த உலோகக் கூண்டு. நடுவில், மின்புலத்தின் பிடியில், எதையும் தொடாமல் மிதக்கிறது ஓர் அயனி: ஓர் எலக்ட்ரானைப் பறிகொடுத்த ரேடியம் அணு. அது துள்ளும்போதெல்லாம் நீல லேசர் எதிரே மோதி வேகத்தைக் குறைக்கிறது. வெளிச்சம் சூடாக்கும் என்றுதானே நினைத்திருந்தோம்? இங்கே வெளிச்சமே குளிரவைக்கிறது. அடங்கிய அணு, கேமராத் திரையில் நீலப் புள்ளியாய் நிற்கிறது.

ஒரே ஓர் அணு! ஜெனிட்டா ஒவ்வொரு முறையும் திரைக்குக் கிட்டே போய்ப் பார்ப்பாள்.

[இங்கே நட்சத்திர உவமை ஒன்று எழுதி அடித்துவிட்டேன். புள்ளியே போதும்.]

இந்த வகை ரேடியம் சில வாரங்களில் தானாகச் சிதைந்துவிடும். கைவசம் இருந்ததெல்லாம் தீர்ந்து, இதுதான் கடைசி. பல வருட உழைப்பு முழுமையடைய ஒரே ஓர் அளவீடு பாக்கி.

3

மதியம். லேசர்களைப் பார்த்துக்கொள்ளும் சரவணகுமார், வெளி வெளிச்சம் புகாதபடி மேசைமேல் கறுப்புத் துணியைப் போர்த்தினான்.

புள்ளி அணைந்தது.

"பூடுச்சு," என்றாள் ஜெனிட்டா. கூண்டைக் காலிசெய்து, தீர்ந்துபோன குப்பியில் ஏதாவது ரேடியம் ஒட்டியிருக்குமா என்று சூடாக்கிப் பார்க்க வேண்டியதுதான். மின்புலத்தை அணைக்கும் பொத்தானில் அவள் விரல்.

"கைய எடு!" என்றான் சரவணகுமார். "நீலம் ஓடிகினு கீது. ஐ.ஆர். வருதா பாத்தியா?"

ஐ.ஆர். என்றால் அகச்சிவப்பு; கண்ணுக்குத் தெரியாத இன்னொரு லேசர் அது. அது நின்றால் அணு இருந்த இடத்திலேயே இருக்கும், ஒளிராது. துணியின் ஓரம் சரியாக அதன் பாதையில் தொங்கியது.

"துணியப் போத்துனது யாரு அண்ணாத்த?"

"பேஜார் பண்ணாத. தூக்குறேன்."

4

ஜெனிட்டா இதுவரை சொன்னபோதுதான் வேன் வந்தது.

என் தொடர்களில் யார் எந்த வாரம் சாக வேண்டும் என்பதை நான்தான் முடிவு செய்வேன். இந்த அணு எந்த நொடியில் உடையும் என்பது ஜெனிட்டாவுக்கும் தெரியாது, எவருக்குமே தெரியாது. துணி விழுந்த அந்த நொடியிலேயேகூட உடைந்திருக்கலாம்.

(முடிவு ஒன்று: புள்ளி திரும்புகிறது, சரவணகுமார் விசிலடிக்கிறான். முடிவு இரண்டு: திரை இருட்டாகவே... எழுதக் கை வரவில்லை.)

சாயங்காலம் அவளிடம் கேட்டுவிடலாம். கேட்கப்போவதில்லை.

ஜெனிட்டா பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டாள். துணியின் நுனி இதோ. மெதுவாக, நீங்கள் தூக்குங்கள்.