எடுத்துக் கொடுக்கிறவன்

குர்ஆனை முழுவதும் மனப்பாடம் செய்தவர்களை ஹாபிழ் என்போம். நானும் ஒரு ஹாபிழ்தான் என்று சொன்னால் புதிதாகப் பார்க்கிறவர்கள் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். பார்க்கட்டும், எனக்கென்ன! பகலெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன் நான். எத்தனை தேய்த்துக் கழுவினாலும் கை ரேகைக்குள் கிரீஸ் நிற்கும். கோபமோ மூக்குக்கு மேல். குரலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். "நீ ஓதித் தொழவச்சா ஜமாஅத்துல பாதிப் பேரு வுளூ செய்யப் போறேன்னு எழுந்து போயிடுவாங்க மாப்ள" என்பான் மச்சான். தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவதுதான் வுளூ.

மச்சான் என் மனைவியின் அண்ணன். அதற்கும் முன்னால், ஒன்பது வயதிலிருந்து என் சிநேகிதன். தையற்கடையில் கட்டிங் மாஸ்டர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர், எனக்கு அவன் மச்சான். அவனுக்குத் தேன் மாதிரிக் குரல். சொல்லும்போதே பொறாமையாகத்தான் இருக்கிறது, இன்றைக்கும்.

ரமலான் மாதத்தில் இரவுத் தொழுகைக்குப் பிறகு தராவீஹ் என்று ஒரு நீண்ட தொழுகை உண்டு. முப்பது பாகமுள்ள குர்ஆனை நாளுக்கு ஒரு பாகமாக அதில் ஓதி முடிப்போம். ஓதித் தொழவைப்பவர் முன்னால் தனியாக நிற்பார். அவருக்கு நேர் பின்னால், முதல் வரிசையில், இன்னொரு ஹாபிழ் நிற்பார். அவருடைய வேலை கேட்பது. முன்னால் இருப்பவர் தடுக்கினாலோ தடம் மாறினாலோ, நின்ற இடத்திலிருந்தே சரியான சொல்லைச் சொல்ல வேண்டும். எடுத்துக் கொடுப்பது என்போம் அதை. டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்த எங்கள் சின்னப் பள்ளிவாசலில் இருபத்தாறு வருஷம் மச்சான் ஓதினான், நான் எடுத்துக் கொடுத்தேன்.

சும்மா சொல்லக்கூடாது, அது ஒரு காலம். நாங்கள் இளவட்டமாக இருந்தபோது இரண்டு பேரும் சேர்ந்து ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கினோம். மத்தியானம் கடையில் கூட்டம் இருக்காது. வெட்டும் மேசைக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் நான். அன்றைய பாகத்தை ஓதிப் பதிவு செய்வோம், பிறகு போட்டுக் கேட்டுத் தப்புப் பிடிப்போம். "அல்லாஹ்வோட பேச்சப் போயி பெட்டிக்குள்ள அடைக்கிறீங்களேப்பா" என்று தொழ வந்த ஒரு பெரியவர் சண்டைக்கே வந்துவிட்டார். மச்சான் அசரவில்லை. ஆனால் அந்தப் பெட்டியைத் தரையில் வைக்கவும் மாட்டான். துணி பேல்களுக்கு மேலே, உச்சித் தட்டில்தான் அதற்கு இடம். பாடிக்கொண்டிருக்கும் பாட்டை நிறுத்துவது போல் டக்கென்று நிறுத்தமாட்டான். வசனம் முடிய வேண்டும். அளவு கொடுக்க வந்தவர் இரண்டு கையையும் விரித்தபடி நிற்பார். மச்சான் அளவு டேப்பை விரலில் சுற்றிக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பான். வசனம் முடிந்த பிறகுதான் பொத்தானை அமுக்கி, "மன்னிக்கணும், தோள்பட்டை எவ்வளவு பாத்தேன்?" என்பான்.

நான் சொல்ல வந்த ரமலானுக்கு நாலு மாதம் முன்னால் ஒரு காலையில் மச்சானுக்கு வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். கை திரும்பி வந்தது, கால் வந்தது, பேச்சும் வந்தது. கத்திரியைப் பிடித்து மறுபடி துணி வெட்டினான். எல்லாம் சரியாகிவிட்டது என்று அல்லாஹ்வைப் புகழ்ந்தோம்.

ரமலானின் முதல் இரவில் பதினோரு இடத்தில் எடுத்துக் கொடுத்தேன். மற்ற வருஷங்களில் மாதம் முழுவதும் சேர்த்தாலும் அவ்வளவு வராது. மூன்றாம் இரவில் எண்ணுவதை விட்டுவிட்டேன். ஒரு வசனத்தை ஆரம்பிப்பான், பாதியில் நிற்பான். நான் ஒரு சொல் கொடுத்தால் ஒரு வரி போவான், மறுபடி நிற்பான். பின்னால் ஆட்கள் இருமினார்கள், கால் மாற்றி நின்றார்கள். நாலாம் இரவு முடிந்து மாடிப்படி இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"மாப்ள, அது என்னை விட்டுப் போய்க்கிட்டிருக்குடா."

"எது?"

"எதுன்னு கேக்குற பாரு. குர்ஆன்டா. நெஞ்சுக்குள்ள கையை விட்டுத் துழாவுறேன், ஒண்ணும் அகப்பட மாட்டேங்குது. நான் என்ன பாவம் செஞ்சேன்?"

கட்டவிழ்ந்த ஒட்டகத்தைவிட வேகமாகக் குர்ஆன் நெஞ்சிலிருந்து ஓடிவிடும் என்று ஒரு நபிமொழி உண்டு. ஓதாமல் அசட்டையாக இருப்பவனுக்கான எச்சரிக்கை அது. இவனோ ஒரு நாள் ஓதாமல் இருந்ததில்லை. "பாவமாவது ஒண்ணாவது! உடம்புக்கு வந்தது, அவ்வளவுதான்" என்று கத்திவிட்டேன். கோபம் அவன் மேல் இல்லை. யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் பள்ளிவாசல் செயலாளர் குர்ஆன் ஏற்றிய ஒரு டேப்லட் கணினியைக் கொண்டுவந்தார். மருந்துக்கடை வைத்திருப்பவர், நல்ல மனுஷர், எதற்கும் ஒரு மருந்து உண்டு என்று நம்புகிறவர். "மாஸ்டர் இதைப் பாத்தே ஓதட்டுமே. ஸ்டாண்டும் வாங்கிட்டேன்" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "ஹாபிழைக் கொண்டுபோய் கண்ணாடிப் பலகை முன்னாடி நிறுத்துவீங்களா? பள்ளிக்கூடமா இது?"

அவர் உடனே, வெள்ளிக்கிழமைகளில் எங்களுக்குப் பயான் என்னும் சொற்பொழிவு செய்யும் ஆலிமுக்கு, மார்க்கம் படித்தவருக்கு, போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். ஆலிம் நிதானமாகச் சொன்னார்: "இந்தத் தொழுகையில பாத்து ஓதலாம்னு சொன்ன இமாம்களும் உண்டு, பாத்து ஓதினா தொழுகையே முறிஞ்சிடும்னு சொன்னவங்களும் உண்டு. அவங்க காலத்துல ஏடு, இப்ப திரை. பொருள் மாறுச்சே தவிர கேள்வி பழசுதான். உங்க பள்ளிவாசல்ல பாத்து ஓதக் கூடும்னு சொன்ன இமாமோட வழியிலதானே தொழுறீங்க, அதனால தடுக்க மாட்டேன். ஆனா கை ஓயாம அசைஞ்சா தொழுகை போயி வேற வேலையாயிடும். அதுல கவனமா இருங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான், "ஒரு நாள் பாக்கலாம்" என்றான். எழுந்து போய் வுளூ செய்துவிட்டு வந்தான். "குர்ஆன் ஏட்டைத் தொடத்தான் வுளூ வேணும், திரையைத் தொடுறதுக்குக் கட்டாயம் இல்ல மாஸ்டர், நெறைய ஆலிம்கள் சொல்றாங்க" என்றார் மருந்துக்கடைக்காரர். "அதுல தெரியிறதும் குர்ஆன் எழுத்துதானே?" என்று கேட்டுவிட்டு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு டேப்லட்டை வாங்கினான் மச்சான்.

ஐந்தாம் இரவு நடந்ததை ஹாபிழ் அல்லாதவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். நாங்கள் மனப்பாடம் செய்வது சொல்லை மட்டும் இல்லை, பக்கத்தையும்தான். சிறு வயதில் ஒரே அச்சில் வந்த குர்ஆனைக் கையில் கொடுப்பார்கள், பக்கத்துக்குப் பதினைந்து வரி. கடைசிவரை அதே அச்சுதான். கண்ணை மூடினால் இந்த வசனம் வலது பக்கம் மேலே, அந்த வசனம் இடது பக்கம் கடைசி வரி என்று அப்படியே நிற்கும். மச்சானுக்குப் பார்வைக் குறைவு என்று மருந்துக்கடைக்காரர் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தார். திரைக்கு ஆறு வரிதான் வந்தது. பக்கமெல்லாம் உடைந்து, மேலே இருக்க வேண்டியது கீழே, கீழே இருக்க வேண்டியது அடுத்த திரையில். நினைவில் மிச்சம் இருந்த பக்கத்தையும் அது கலைத்துவிட்டது. கண் ஓரிடம், நெஞ்சு ஓரிடம். அவன் விரலோ ஓயாமல் திரையைத் தள்ளிக்கொண்டே இருந்தது. எட்டாவது ரக்அத்தில், அதாவது தொழுகையின் எட்டாவது சுற்றில், ஒரு வசனத்தின் நடுவே திரை தானாக அணைந்துபோனது.

நான் எடுத்துக் கொடுத்தேன். அவன் வாங்கவில்லை. மறுபடி கொடுத்தேன். அவன் தோள் குலுங்குவது எனக்குத் தெரிந்தது. ஓதுவதை அங்கேயே விட்டுவிட்டு, அப்படியே குனிந்து ருகூவுக்குப் போய்விட்டான்.

ஆறாம் நாள் மச்சான் பள்ளிவாசலுக்கு வரவில்லை. "வேற ஆளைப் பாருங்க. நான் வீட்டுல தனியா தொழுதுக்கிறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டான். வேறு ஆள் யார்? இந்தக் கரகரத் தொண்டைக்காரனைத்தான் பிடித்து முன்னால் தள்ளினார்கள். எனக்குப் பின்னால் எடுத்துக் கொடுக்க மருந்துக்கடைக்காரர் டேப்லட்டோடு நின்றார். பாவம், நான் ஒரு சொல்லை விட்டால் அவர் திரையைத் தள்ளித் தள்ளி இடத்தைக் கண்டுபிடிப்பதற்குள் நான் ருகூவில் இருப்பேன். திரையில் எழுத்து இருந்தது, அவர் நெஞ்சில் இல்லை. அவரைக் குறை சொல்லி என்ன பயன்?

அந்த மூன்று நாளும் மத்தியானங்களில் என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தேன். கடைக்குப் போனால் மச்சான், "வேலை இருக்கு மாப்ள" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். வேலைக்குப் போன கட்டடத்தின் மொட்டை மாடியில், லிஃப்ட் மோட்டார் அறையில் உட்கார்ந்து அன்றைய பாகத்தை ஓதிப் போனில் பதிவு செய்தேன். யாரிடமாவது ஓதிக் காட்டாமல் எனக்கு நெஞ்சில் நிற்காது, பழக்கம் அப்படி. மச்சானுக்கே அனுப்பிவைத்தேன். கேட்கிறானோ இல்லையோ, அனுப்பினேன்.

எட்டாம் நாள் சாயங்காலம் பதில் வந்தது. ஏழே விநாடி. "பதினாலாவது நிமிஷத்துல ஒரு வசனத்தை அப்படியே முழுங்கிட்ட. கவனம் எங்க மேயப் போயிருந்துச்சு?"

குர்ஆனை எடுத்து வைத்துக்கொண்டு பதிவைக் கேட்டேன். சத்தியமாக, ஒரு முழு வசனத்தை விழுங்கியிருந்தேன்! எழுந்து ஒரே ஓட்டமாகக் கடைக்கு ஓடினேன்.

"மச்சான், நீ குர்ஆனைப் பாத்துக்கிட்டா கேட்ட?"

"துணி வெட்டிக்கிட்டே கேட்டேன். ஏன்?"

"ஏனா? போயிடுச்சு போயிடுச்சுன்னு ஒப்பாரி வச்சியே. உன் வாய்க்குத்தான் வர மாட்டேங்குது. காதுல எல்லாம் அப்படியே இருக்கு. நாளைக்கு வந்து எனக்குப் பின்னாடி நில்லு."

அவன் கத்திரியை வைத்துவிட்டான். "காதுல பூ சுத்தாத மாப்ள. பரிதாபப்பட்டு எனக்கு ஒரு இடம் போட்டுக் கொடுக்கிறியா?"

"பரிதாபமா? பின்னாடி ஆள் இல்லாம மூணு நாளா எனக்குக் கால் நடுங்குது. வா, இல்லன்னா உன் தங்கச்சியை அனுப்பித் தூக்கிட்டு வரச் சொல்றேன்."

சிரிக்கவில்லை அவன். "போன்ல கேக்குறப்போ ஒரு தடவை சரியா பிடிச்சிட்டேன். அங்க, தொழுகையில, நீ தடுக்கிச் சும்மா நிக்க, நானும் வாயடைச்சு நின்னேன்னா? அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் மிச்சம் இருக்காதுடா."

ஒரே ஒரு நாள் வா என்று மட்டும் கெஞ்சினேன். நான் கெஞ்சி அவன் பார்த்ததே இல்லை, அதனால்தான் வந்திருப்பான்.

ஒன்பதாம் இரவு மச்சான் முதல் வரிசையில் எனக்கு நேர் பின்னால் வந்து நின்றான். மருந்துக்கடைக்காரர் டேப்லட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கினார். முதல் இரண்டு ரக்அத்தும் மளமளவென்று போயின. மூன்றாவதில் மூஸா நபியும் எகிப்து மன்னன் ஃபிர்அவ்னின் சூனியக்காரர்களும் வரும் இடம். அந்தச் சம்பவம் குர்ஆனில் சில இடங்களில் வருகிறது, ஏறக்குறைய அதே சொற்களோடு. ஒரு சொல் தவறினால் போதும், இந்த அத்தியாயத்தில் கிளம்பி வேறொரு அத்தியாயத்தில் போய் இறங்கிவிடுவோம். ஹாபிழ்கள் மட்டுமே விழக்கூடிய பள்ளம் அது. ஓதத் தெரியாதவனுக்கு அந்தத் தப்பைச் செய்யவும் தெரியாது.

சூனியக்காரர்கள் இறைவனை நம்பி ஈமான் கொண்டார்கள். அடுத்த வசனத்தை எடுத்தேன். இரண்டு சொல்கூட முடியவில்லை.

"கால ஃபிர்அவ்னு!"

பின்னாலிருந்து வந்தது குரல். 'ஃபிர்அவ்ன் சொன்னான்' என்று வர வேண்டிய இடத்தில் நான் அந்தப் பெயரை விட்டிருந்தேன். தேன் இல்லை, அதட்டல். தடுமாற்றம் இல்லை, தேடல் இல்லை. நான் வேறு அத்தியாயத்துக்குள் கால் வைத்ததுமே பிடரியைப் பிடித்து இழுத்தது மாதிரி. சொல்லை வாங்கித் திருத்தி ஓதினேன். கண்ணில் நீர் முட்டி, மீதியை எப்படி முடித்தேன் என்று தெரியாது.

நாலு ரக்அத்துக்கு ஒருமுறை கொஞ்சம் உட்காருவோம். மச்சான் முழங்காலாலேயே நகர்ந்து என் பக்கத்தில் வந்தான். என் கையை இறுக்கிப் பிடித்தான்.

"வேணும்னே விட்டியா?" மெதுவாகத்தான் கேட்டான்.

"என்னது?"

"எனக்காக வேணும்னே தப்பு விட்டியான்னு கேக்குறேன். அல்லாஹ் முன்னாடி நிக்கிற இடத்துல நாடகம் போட்டிருந்தா இனிமே உன் முகத்துல முழிக்க மாட்டேன்."

"சத்தியமா இல்ல மச்சான். தொழுகையில போய் விளையாடுவேனா? தெரியாமத்தான் தடம் மாறிட்டேன். ஏற்கனவே மானம் போகுது, நீ வேற."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் பொய் சொன்னால் அவனுக்குத் தெரியும். ஒன்பது வயதிலிருந்து தெரியும்.

"தெரியாம போச்சாம்ல!" என்றான். குரல் உடைந்தது, ஆனாலும் விடவில்லை. "நாப்பது வருஷமா ஓதுற இடம்டா அது. வெக்கமா இல்ல உனக்கு? நாளைக்கு ரெண்டு மணிக்கெல்லாம் கடைக்கு வர்ற. பத்தாவது பாகத்தை முழுசா ஓதிக் காட்டாம இந்தப் படி ஏற விடமாட்டேன்."

கண்ணீர் தாடி வழியாக வடிய வடிய அவன் என்னைத் திட்டிக்கொண்டே இருந்தான். யாராவது ஒரு சொல் சொன்னால் பத்துச் சொல் திருப்பிக் கொடுக்கிறவன் நான். அன்று தலையைக் குனிந்துகொண்டு, "சரி மச்சான், சரி மச்சான்" என்று உட்கார்ந்திருந்தேன்.