திரையில் காய்ந்த நெல்

வைக்கோல் லாரி உச்சியிலிருந்து விழுந்து முதுகுத்தண்டு முறிந்ததில், மருதையனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. இரண்டு வருடமாக அவருடைய லோடு வண்டியில் கோழிகள் அடைகின்றன. பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் கையாலேயே இயக்கும்படி வண்டியை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் தஞ்சாவூர் மறுவாழ்வு மையம் தகுதிச் சான்று கொடுத்தால்தான் லைசென்ஸ். மார்க் போடுவது மனிதர் இல்லை, வெளிநாட்டு மெஷின். கண்ணாடியை மாட்டினால் கண்ணுக்கு முன்னால் ரோடு ஓடும். அந்த ரோட்டில் ஆடு இல்லை, மினி பஸ் இல்லை, கல்யாண பேனர்கூட இல்லை.

இரண்டு முறை தோற்றிருந்தார், இரண்டு முறையும் ஒரே இடத்தில். பாதி ரோட்டுக்கு மஞ்சளாக ஏதோ பரவிக் கிடக்கும். மருதையன் வலப்பக்கம் ஒடித்து எதிர் வரிசைக்குள் போய்விடுவார். மெஷின் கத்தும்.

"ஏன் கோட்டைத் தாண்டுறீங்க?" என்றார் மையத்தின் இயக்குநர் ராஜராஜன்.

"நெல்லு காயுதுங்களே சார்."

"அது உதிர்ந்த இலைங்க!"

"எந்த ஊர்ல சார் இலையை ரோட்டுல காயப்போடுறாங்க?"

இயக்குநர் கோப்பில் எழுதினார்: 'இல்லாத பொருள் தெரிகிறது. மூளையையும் பரிசோதிக்கவும்.'

மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு. பெல்ட்டை மாட்டிவிட்ட பிசியோ செம்மொழி காதோரம் சொன்னாள்: "அண்ணே, என்ன கெடந்தாலும் ஏத்திடுங்க. எங்கப்பா நெல்லா இருந்தாலும் ஏத்திடுங்க."

வெளியே காத்திருந்த நோயாளிகளும் உறவுக்காரர்களும் பெரிய திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் வந்தது. கை தானாக வலப்பக்கம் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு நேராகப் பிடித்தார். சக்கரம் ஏறியது.

"அடப்பாவி, நெல்லு மேல ஏத்துறான்யா!"

"உளுந்துச் செடின்னாலும் மணி உதிரட்டும்னு ஏத்தலாம். நெல்லுல ஏத்துவானாய்யா எவனாவது?"

மெஷின் தொண்ணூற்றாறு மார்க் போட்டது. "பாருங்க, குணமாயிட்டார்!" என்று இயக்குநர் கைதட்டினார். வேறு யாரும் தட்டவில்லை.

சக்கர நாற்காலியைப் பிடித்திருந்த மனைவி பூவம்மாள் சான்றிதழைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "திங்கிற சோத்து மேல ஏத்திட்டு வந்திருக்கீங்களே."

"அது இலைடி."

"எனக்குக் கண்ணு இல்லையா?"

மருதையன் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் திணித்தார்.

"லைசென்ஸ் ஆபீசைப் பூட்டிடுவாங்க. திட்டிக்கிட்டே தள்ளு."